பிற்பகல் நான்கு மணிக் காட்டேரி

'டார்க் ஷேடோஸ்' அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 அன்று தொடங்கி 1971 ஏப்ரல் 2 அன்று முடிந்த பிற்பகல் நெடுந்தொடர். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம், மொத்தம் 1,225 பகுதிகள். அமெரிக்கப் பகல் தொடர்களின் கணக்கில் இது அற்ப ஆயுள்தான். முப்பது, நாற்பது ஆண்டுகளைத் தாண்டி ஓடியவை அங்கே உண்டு. ஆனால் அந்த நீண்ட ஆயுள் தொடர்களில் 1967ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று இன்று யாரும் வாதாடுவதில்லை. 'டார்க் ஷேடோஸ்' ரசிகர்கள் வாதாடுகிறார்கள். காட்டேரியான பார்னபஸ் கொடியவனா பாவப்பட்டவனா, அவன் மேல் உயிரை வைத்திருந்த மருத்துவர் ஜூலியாவுக்கு நியாயம் கிடைத்ததா, 1795ஆம் ஆண்டுக் கதை சிறந்ததா 1897ஆம் ஆண்டுக் கதையா என்று அந்த வாதங்கள் நீளுகின்றன. பாத்திரத்தைப் பற்றித் தொடங்கும் பேச்சு இரண்டே வாக்கியத்தில் நடிகரைப் பற்றியதாக மாறிவிடும் என்பதுதான் இவர்களுடைய பேச்சின் தனி அடையாளம். அதற்கான காரணம் தொடர் எடுக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் பகல் நேரத் தொடர்களுக்கு 'சோப் ஓப்பரா' என்று பெயர். வானொலிக் காலத்தில் சோப்புக் கம்பெனிகள் இல்லத்தரசிகளைக் குறிவைத்துப் பணம் போட்டு நடத்திய நாடகங்களிலிருந்து வந்த பெயர் அது. கள்ளக்காதல், சொத்துத் தகராறு, மருத்துவமனைப் படுக்கை, நீதிமன்றக் கூண்டு ஆகியவை அவற்றின் வழக்கமான சரக்கு. கோதிக் கதை வேறு வம்சம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்த அந்த வகையில் ஒரு பழைய மாளிகை இருக்கும், அதில் பூட்டிய அறை ஒன்று இருக்கும், அந்த அறையைப் பற்றிப் பேச மறுக்கும் குடும்பம் இருக்கும், வெளியிலிருந்து வந்து சேரும் தனித்த இளம்பெண் ஒருத்தி இருப்பாள். சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்', டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' ஆகிய நாவல்கள் இந்த வழியில் வந்தவை. இந்த இரண்டு வம்சத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்தவர் தயாரிப்பாளர் டேன் கர்ட்டிஸ். ரயிலில் தனியாகப் பயணம் செய்யும் ஒரு பெண்ணைக் கனவில் கண்டதாகவும், அதையே ஏபிசி நிறுவனத்திடம் கதையாகச் சொன்னதாகவும் அவர் கடைசிவரை சொல்லிவந்தார். கனவைக் கதையாக விரித்துப் பாத்திரங்களை வகுத்துக் கொடுத்தவர் எழுத்தாளர் ஆர்ட் வாலஸ்.

அந்தப் பெண்தான் விக்டோரியா வின்டர்ஸ். அனாதை விடுதியில் வளர்ந்த அவள், மெய்ன் மாநிலக் கடற்கரையில் காலின்ஸ்போர்ட் என்ற கற்பனை ஊருக்கு ரயிலில் வருகிறாள். அங்கே குன்றின் மேல் நிற்கும் காலின்வுட் மாளிகையில் டேவிட் என்ற பையனுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் வேலை. பதினெட்டு ஆண்டுகளாக வாசற்படி தாண்டாத எலிசபெத் அந்த வீட்டின் எஜமானி. அந்த வேடத்தில் வந்தவர் ஜோன் பென்னட். 1940களில் ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய படங்களில் கதாநாயகியாக இருந்த ஹாலிவுட் நட்சத்திரம் பகல் தொடரில் நடிக்க வந்தது அப்போது பெரிய செய்தி. விக்டோரியாவாக அலெக்ஸாண்ட்ரா மோல்ட்கி, எலிசபெத்தின் தம்பி ரோஜராக லூயிஸ் எட்மண்ட்ஸ், மகள் கரோலினாக நான்சி பாரெட், ஊர் ஓட்டலில் பரிமாறும் மேகியாக கேத்ரின் லீ ஸ்காட் என்று அமைந்த குழுவில் பலர் நியூயார்க் மேடையிலிருந்து வந்தவர்கள். இது பின்னால் பெரிதும் உதவியது.

முதல் சில மாதங்கள் பேய் ஏதும் இல்லை, ரகசியங்கள் மட்டுமே. பார்வையாளர்களும் அதிகம் இல்லை. தொடர் நின்றுவிடும் நிலைக்கு வந்தபோது, பயமுறுத்தும்படி எடுக்கச் சொல்லி வீட்டில் தம் பிள்ளைகள் யோசனை கூறியதாக கர்ட்டிஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். முதலில் ஓர் ஆவி தலைகாட்டியது. அடுத்து டேவிடின் தாய் லாரா, நெருப்பில் அழிந்து மீண்டும் பிறக்கும் ஃபீனிக்ஸ் இனத்தவளாக வந்தாள். யாரும் அடிக்க வராததால் கர்ட்டிஸ் இன்னும் ஒரு படி ஏறினார். எப்படியும் மூழ்கப்போகிற கப்பல், அதில் ஒரு ரத்தக்காட்டேரியையும் ஏற்றிவிடலாம் என்பதே கணக்கு.

1967 ஏப்ரல் மாதம், 210ஆம் பகுதியின் முடிவில், நகை திருடலாம் என்று குடும்பக் கல்லறைக்குள் நுழைந்த வில்லி லூமிஸ், சங்கிலி சுற்றிய சவப்பெட்டியைத் திறக்கிறான். உள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வருகிறது. மறுநாள் பகுதியில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் காலின்வுட் வாசலில் நின்று, தாம் இங்கிலாந்திலிருந்து வரும் தூரத்து உறவினர் என்கிறார். கூடத்துச் சுவரில் தொங்கும் நூற்றெழுபது ஆண்டுப் பழைய ஓவியத்தில் இருப்பவரும் இவரும் ஒரே சாயலாக இருப்பதை வீட்டார் வியக்கிறார்கள், சந்தேகப்படுவதில்லை. பார்னபஸ் காலின்ஸ் அறிமுகமானது இப்படித்தான்.

அந்த வேடத்துக்கு வந்த ஜோனதன் ஃப்ரிட் கனடாவின் ஹாமில்டன் நகரில் 1924இல் பிறந்தவர். லண்டனில் நாடகப் பள்ளியில் பயின்று, யேல் பல்கலைக்கழகத்தில் நாடக இயக்கத்தில் பட்டம் பெற்று, ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துவந்த நாற்பத்திரண்டு வயது மேடை நடிகர். கலிஃபோர்னியாவுக்குப் போய் ஆசிரியர் ஆகிவிடும் எண்ணத்தில் இருந்தவருக்குச் சில வார வேலை என்று சொல்லித்தான் இந்த வாய்ப்பு வந்தது. பயணச் செலவுக்கு ஆகும் என்று ஒப்புக்கொண்டார். காட்டேரியின் நெஞ்சில் ஆப்பு அடித்துக் கதையை முடிப்பதே எழுத்தாளர்களின் திட்டமாகவும் இருந்தது. ஆனால் சில வாரங்களிலேயே கடிதங்கள் மூட்டையாக வந்து குவிந்தன. ஆப்பு கைவிடப்பட்டது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குத் தொடரின் முகமே ஃப்ரிட்தான்.

கடிதம் எழுதியவர்கள் யார் என்பது கவனிக்க வேண்டியது. பிற்பகல் மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் மாறி மாறி வந்த ஒளிபரப்பு நேரம் பள்ளி விடும் நேரத்தை ஒட்டி அமைந்திருந்தது. இல்லத்தரசிகளுக்காக உண்டாக்கப்பட்ட இடத்தில் சிறுவர்களும் கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தோம் என்பது அந்தத் தலைமுறை ரசிகர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம். அவர்களைக் குறிவைத்துச் சூயிங்கம் அட்டைகள், அட்டைப்பெட்டி விளையாட்டுகள், கோல்டு கீ நிறுவனத்தின் படக்கதைகள், பெண் பெயரில் ஓர் ஆண் எழுத்தாளர் எழுதிக் குவித்த முப்பதுக்கும் மேற்பட்ட மலிவுப்பதிப்பு நாவல்கள் எல்லாம் வந்தன. பகல் தொடர் ஒன்றுக்கு இத்தனை கடைச்சரக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

பார்னபஸ் ஏன் பிடித்துப்போனான் என்பதில்தான் ரசிகர்களின் நீண்ட வாதம் தொடங்குகிறது. முதல் மாதங்களில் அவன் செய்வது எதுவும் மன்னிக்கத் தக்கதல்ல. மேகியைக் கடத்திப் பழைய வீட்டில் அடைத்து, இறந்துபோன தன் காதலி ஜோசெட் அவள்தான் என்று அவளையே நம்பவைக்கப் பார்க்கிறான். வில்லியைக் கைத்தடியால் அடித்து அடிமையாக வைத்திருக்கிறான். இதே ஆள் இரண்டாம் ஆண்டில் குடும்பத்தின் காவலனாக மாறுவதைச் சிலர் அழகான வளர்ச்சி என்கிறார்கள். எழுத்தாளர்கள் பழைய குற்றங்களை வசதியாக மறந்துவிட்டார்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டாவது தரப்பின் கையில் சான்று பலமாகவே இருக்கிறது. மேகியின் நினைவை மனோவசியத்தால் அழித்துவிட்ட பிறகு, அந்தக் கடத்தலுக்கு யாரும் கணக்குக் கேட்கவே இல்லை.

ஆனாலும் பார்னபஸ் வெறும் அரக்கனாகத் தெரியாததற்கு எழுத்தைவிட நடிகர்தான் காரணம். ஃப்ரிட்டுக்கு வசனம் சுலபமாக மனப்பாடம் ஆகாது. அதை அவரே மறைத்ததில்லை. நாளைக்கு ஒரு பகுதி வீதம் புதிய வசனத்தை விழுங்க வேண்டிய வேலையில் அது பெரிய கஷ்டம். ஒரு சொல்லைத் தேடித் தயங்குவார், கண்கள் டெலிபிராம்ப்டர் பக்கம் நழுவும், பாதி வாக்கியத்தில் வேறு வாக்கியத்துக்குத் தாவுவார். அந்தத் தயக்கம் பார்வையாளருக்கு வேறொன்றாகத் தெரிந்தது. 1795இல் வாழ்ந்தவன் இருபதாம் நூற்றாண்டு வரவேற்பறையில் நின்று பொய் சொல்லும்போது இப்படித்தான் தடுமாறுவான் என்று தோன்றியது. நடிகரின் பதற்றமும் பாத்திரத்தின் பதற்றமும் எங்கே பிரிகின்றன என்று பிரித்துச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. சிலர் அதை நடிப்பு என்கிறார்கள், சிலர் விபத்து என்கிறார்கள். காட்சிகளைப் பொறுமையாகப் பார்த்தால் இரண்டும் கலந்தே கிடைக்கும். வசனம் கைவசம் இருந்த நாட்களில் ஃப்ரிட் மேடையில் தேர்ந்தவர் என்பது குரலிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்தத் தடுமாற்றங்கள் ஏன் அப்படியே ஒளிபரப்பாயின என்பதற்கு அன்றைய நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடர் நியூயார்க்கில் மேற்கு 53ஆம் தெருவில் இருந்த சிறிய ஸ்டூடியோவில் பதிவானது. காலையில் ஒத்திகை, மதியத்துக்குப் பின் பதிவு. நேரடி ஒளிபரப்பு போலவே தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் நாடாவில் பதிவார்கள். அக்காலத்தில் ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. எனவே யாராவது மயங்கி விழுந்தால் தவிரப் பதிவை நிறுத்த மாட்டார்கள். விளம்பர இடைவேளையாக விடப்பட்ட ஓரிரு நிமிடத்தில் உடை மாற்ற வேண்டும், புகை கிளப்ப வேண்டும், அடுத்த அரங்குக்கு ஓட வேண்டும். சுவரில் பூம் மைக்கின் நிழல் விழும். கல்லறைக் கல் அட்டைபோல் ஆடும். உணர்ச்சிகரமான வசனத்தின் நடுவே நடிகரின் முகத்தில் ஈ வந்து உட்காரும். முடிவில் பெயர்ப்பட்டியல் ஓடும்போது வேலை முடிந்துவிட்டது என்று நினைத்த யாராவது காட்சிக்குள் நடந்து போய்விடுவார்கள்.

ரசிகர்கள் இந்தப் பிழைகளைப் பகுதி எண்ணோடு மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். கேலிக்காக என்று வெளியார் நினைப்பதுண்டு. அது பாதி உண்மைதான். பிழை நடந்த மறுகணம் எதிரில் நிற்கும் நடிகர் என்ன செய்கிறார் என்பதே தேர்ந்த ரசிகரின் கவனம். ஃப்ரிட் வழி தவறினால் ஜூலியாவாக நடித்த கிரேசன் ஹால் ஒரு கேள்வி கேட்டு அவரை வசனத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவார். லூயிஸ் எட்மண்ட்ஸ் கதவு திறக்காவிட்டால் திறக்காததையே ரோஜரின் எரிச்சலாக மாற்றிவிடுவார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடகங்களை முதல் நாள் அரங்கேற்றமாகவே பார்த்த அனுபவம் அது. ஐநூறுக்கும் மேற்பட்ட பகுதிகளை இயக்கிய லேலா ஸ்விஃப்ட், பெண் இயக்குநர்கள் அபூர்வமாக இருந்த காலத்திலேயே தொலைக்காட்சியில் நிலைபெற்றவர். இந்தக் களேபரத்துக்குள் காமிராவை நகர்த்தி அவர் பிடித்த சில சட்டகங்கள் நல்ல திரைப்படத்துக்கு ஈடானவை. 1967 ஆகஸ்டில் தொடர் வண்ணத்துக்கு மாறியது. கறுப்பு வெள்ளைப் பகுதிகளே அச்சம் தருபவை என்று ஒரு கட்சி இன்றும் அசையாமல் நிற்கிறது.

கிரேசன் ஹால் வந்தது 1967 கோடையில். 'தி நைட் ஆஃப் தி இகுவானா' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றிருந்த அவர், மேகிக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் ஜூலியா ஹாஃப்மனாக நுழைந்தார். முதலில் இது ஓர் ஆண் மருத்துவருக்கான வேடமாக எழுதப்பட்டிருந்தது என்று சொல்வதுண்டு. காட்டேரித்தனத்தை ரத்த நோயாகக் கருதி ஊசி போட்டுக் குணப்படுத்த முயலும் ஜூலியா, போகப்போக நோயாளியிடமே மனத்தைப் பறிகொடுக்கிறாள். பார்னபஸ் அவளை நண்பராக மட்டுமே நடத்துகிறான். அவன் பார்வை எப்போதும் இளம்பெண்கள் மேல். மருத்துவம் தவறிய ஒரு கட்டத்தில் பார்னபஸுக்கு இருநூறு வயது ஒரேயடியாக ஏறிவிடுகிறது. அந்த முதுமை ஒப்பனையைச் செய்தவர் பின்னாளில் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தால் பேர் பெற்ற டிக் ஸ்மித்.

நடுத்தர வயதில் இருந்த இரண்டு நடிகர்கள், காதல் காட்சி ஒன்றுகூட இல்லாமல், ஒரு பகல் தொடரின் மைய உறவாக ஆனது விசித்திரம். ஹாலின் நடிப்பைப் பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை. விரியும் கண்கள், தொண்டைக்குப் போகும் கை, நடுங்கும் சிகரெட் ஆகியவை மிகை என்கிறார்கள் சிலர். இந்தக் கதைக்கு அந்த அளவுதான் சரி என்கிறார்கள் மற்றவர்கள். அவருடைய கணவர் சாம் ஹால் தொடரின் முதன்மை எழுத்தாளர்களில் ஒருவர். தொடர் முடிந்த பின், 1971இல் 'டிவி கைட்' பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரையில், பார்னபஸும் ஜூலியாவும் மணந்துகொள்வதாகக் கதையை முடித்துவைத்தார். ஒளிபரப்பாகாத முடிவை ஏற்பதா கூடாதா என்பது தனி வழக்கு. ஜூலியா பக்கத்தில் நிற்பவர்களுக்கு அந்தக் கட்டுரைதான் தீர்ப்பு.

தொடரின் உண்மையான திருப்பம் 1967 நவம்பரில் நடந்தது. காலின்வுட்டில் ஆவியை அழைக்கச் சிலர் வட்டமாக அமர்கிறார்கள். விளக்கு அணைகிறது. மீண்டும் எரியும்போது விக்டோரியாவின் இருக்கையில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். விக்டோரியா 1795ஆம் ஆண்டில் நிற்கிறாள். நடப்புக் கதை முழுவதையும் நிறுத்திவிட்டு நான்கு மாதம் முன்னோர் கதையைச் சொல்வது பகல் தொடரில் யாரும் துணியாத காரியம். அதே நடிகர்கள் அதே வீட்டில் தங்கள் மூதாதையராக வந்தார்கள். ஜோன் பென்னட் பார்னபஸின் தாய் நவோமி, லூயிஸ் எட்மண்ட்ஸ் தந்தை ஜோஷுவா, கேத்ரின் லீ ஸ்காட் காதலி ஜோசெட். ஜோசெட்டின் பணிப்பெண்ணாக வந்து, பார்னபஸ் கைவிட்டதற்காகச் சூனியம் வைத்து அவனைக் காட்டேரியாக்கும் ஆஞ்செலிக் வேடத்தில் லாரா பார்க்கர் அறிமுகமானார்.

பார்னபஸ் சபிக்கப்பட்டவன் என்பது இந்தக் கதைக்குப் பிறகே நிலைத்தது. சூதாட்டத்திலும் சண்டையிலும் சேராத ஒரு நல்ல மகனைப் பார்வையாளர் முதலில் பார்க்கிறார்கள். பிறகு அவன் கெடுவதைப் பார்க்கிறார்கள். நடிப்பைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் இங்கே ஃப்ரிட்டைவிட எட்மண்ட்ஸையே அதிகம் குறிப்பிடுகிறார்கள். மகனைக் கொல்லவும் முடியாமல், உலவவிடவும் முடியாமல், சவப்பெட்டியில் வைத்துச் சங்கிலியிட ஆணையிடும் கர்வம் மிக்க தந்தையை அவர் அடக்கி நடித்திருக்கிறார். நிகழ்காலத்தில் மது கோப்பையோடு கிண்டல் பேசும் ரோஜரை ஓராண்டு பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த மாற்றம் இரட்டிப்பாகத் தாக்கியது. ஜெரி லேசி ஏற்ற பாதிரியார் டிராஸ்க், சூனியக்காரியைப் பிடிக்கிறேன் என்று தவறாமல் தப்பான ஆளையே பிடிக்கும் மதவெறியர். பார்னபஸ் அவரை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டிவிடுவது எட்கர் ஆலன் போவிடமிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டது.

கேட்காமல் எடுத்துக்கொள்வது இந்தத் தொடரின் வழக்கம். 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆடம் என்ற செயற்கை மனிதனாக வந்தது. ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' இரண்டு குழந்தைகளை ஆட்டிவைக்கும் குவென்டின் ஆவியாக வந்தது. ஆஸ்கர் வைல்டின் டோரியன் கிரே ஓவியமும், ஜெக்கில்-ஹைட் மருந்தும், லவ்கிராஃப்டின் ஆதிகாலப் பூதங்களும் அடுத்தடுத்து வந்தன. மூலங்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிடுவது ரசிகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. பள்ளிப் பிள்ளைகள் பலர் இந்த நூல்களைத் தேடிப் படித்ததும் தொடருக்குப் பின்னால்தான்.

குவென்டின் காலின்ஸ் 1968 இறுதியில் வந்தபோது வாய் திறக்காத ஆவி. பல வாரம் முறைத்துப் பார்ப்பதும் புன்னகைப்பதும் மட்டுமே டேவிட் செல்பிக்குக் கிடைத்த வேலை. அந்தக் கன்னமீசையும் அவன் வரும்போது ஒலிக்கும் கிராமஃபோன் வால்ட்ஸ் இசையும் போதுமானதாக இருந்தன. ராபர்ட் கோபர்ட் அமைத்த அந்த மெட்டு இசைத்தட்டாக வந்து 1969இல் பில்போர்டு பட்டியலில் 13ஆம் இடம் வரை ஏறியது. 1969 மார்ச்சில் பார்னபஸ் 1897ஆம் ஆண்டுக்குப் போனதும் குவென்டின் பேசத் தொடங்கினான். குடிகாரன், பெண்பித்தன், பிறகு சாபத்தால் ஓநாய் மனிதன். மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த செல்பிக்கு ஃப்ரிட்டுக்கு நிகராகக் கடிதம் வந்தது. தொடரின் பார்வையாளர் எண்ணிக்கை உச்சம் தொட்டதும் இந்தக் கதையின்போதுதான்.

1795ஆ 1897ஆ என்ற வாதத்தில் நியாயமான விடை இரண்டும் வெவ்வேறு வகை என்பதே. முதலாவது துன்பியல் நாடகம். யார் சாவார்கள் என்று தெரிந்தே பார்க்க வேண்டியது. இரண்டாவது, குழு தன் முழுப் பலத்தில் கொண்டாடிய விளையாட்டு. தேயர் டேவிட் ஒருவரை எடுத்துக்கொண்டால் போதும். நிகழ்காலத்தில் பேராசிரியர் ஸ்டோக்ஸ், 1795இல் விசுவாசமான வேலைக்காரன் பென், 1897இல் முதலில் நாடோடி சாண்டோர், அவன் இறந்த பிறகு துண்டிக்கப்பட்ட கையைத் தேடிவரும் மந்திரவாதி கவுன்ட் பெட்டோஃபி. குரல், நடை, உடம்பின் கனம் எல்லாம் மாறும். நான்சி பாரெட் பக்திமானான பாதிரியார் மகளாகத் தொடங்கி, ஆவி புகுந்து லண்டன் கேளிக்கை மேடைப் பாட்டுக்காரியாக மாறுவார். கிரேசன் ஹால் ஜூலியாவின் இறுக்கத்தைக் கழற்றிவைத்துவிட்டு மாக்டா என்ற நாடோடிப் பெண்ணாகச் சிரிக்கச் சிரிக்கப் பொய் சொல்வார். ஒரு நடிகருக்கு ஒரே பாத்திரம் பல ஆண்டு என்ற பகல் தொடர் விதியை இத்தொடர் உடைத்துவிட்டதால், பார்வையாளர் பாத்திரத்தை மட்டும் பின்தொடரவில்லை. அடுத்த கதையில் இவருக்கு என்ன வேடம் என்று நடிகரையே பின்தொடர்ந்தார்கள்.

நடிகர் மாறினால் ரசிகர்கள் மன்னிக்காததும் இதனால்தான். பர்க் டெவ்லின் வேடத்திலிருந்து மிட்செல் ரயன் 1967இல் போய் அந்தனி ஜார்ஜ் வந்ததை ஏற்றவர் குறைவு. சில பகுதிகளுக்குப் பிறகு வில்லி லூமிஸாக மாற்றப்பட்ட ஜான் கார்லன் விதிவிலக்கு. அவருக்கு முன் அந்த வேடத்தில் ஒருவர் இருந்ததே பலருக்குத் தெரியாது. 1968இல் தாய்மையடைந்த மோல்ட்கி விலகியதும் இரண்டு நடிகைகளை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு விக்டோரியாவையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தொடரின் முதல் கேள்வியான அவளுடைய பிறப்பு ரகசியம் அத்தோடு அந்தரத்தில் நின்றது. மோல்ட்கிக்கும் ஜோன் பென்னட்டுக்கும் இருந்த முகச்சாயலை வைத்து, அவள் எலிசபெத்தின் மகளே என்று ரசிகர்கள் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள்.

1969 இறுதிக்குப் பிறகு சரிவு. லெவியத்தான் என்ற பூதக் கூட்டத்தின் கைப்பாவையாகப் பார்னபஸை ஆக்கிய கதை யாருக்கும் பிடிக்கவில்லை. பிறகு வேறொரு விதி நிலவும் இணை உலகம். அதன் நடுவில் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக 'ஹவுஸ் ஆஃப் டார்க் ஷேடோஸ்' படம் எடுக்க நடிகர்கள் போக வேண்டியிருந்தது. ஃப்ரிட் வெளியே இருந்த வாரங்களைச் சமாளிக்கப் பார்னபஸைச் சங்கிலியிட்டுச் சவப்பெட்டியில் படுக்கவைத்தார்கள். 1970இல் வந்த அந்தப் படத்தில் ரத்தம் தாராளம். சிறுவர்களின் காட்டேரி அங்கே அனுதாபத்துக்கு இடமில்லாத கொலைகாரன். தொடரின் கடைசிக் கதையில் பார்னபஸே கிடையாது. ஃப்ரிட் பிராம்வெல் என்ற சாதாரண மனிதனாக வந்து, காதலித்து, சுகமாக வாழ்ந்தார். காட்டேரி வேடம் அவருக்கு அலுத்துவிட்டிருந்தது.

அமெரிக்கப் பகல் தொடர்களின் நாடாக்கள் அக்காலத்தில் அழித்து மறுபடி பயன்படுத்தப்பட்டன; பல தொடர்களின் அறுபதுகள் காற்றோடு போய்விட்டன. 'டார்க் ஷேடோஸ்' ஏறக்குறைய முழுமையாகப் பிழைத்தது. சில பகுதிகள் கறுப்பு வெள்ளைத் திரைச்சுருள் நகலாக மட்டும் உள்ளன. காணாமல்போனது 1219ஆம் பகுதி ஒன்றுதான். அதுவும் வீட்டில் ஒரு பார்வையாளர் பதிந்துவைத்த ஒலியைக் கொண்டு நிழற்படங்களோடு மீட்டுக் கட்டப்பட்டது. இதனால்தான் 1975 முதல் உள்ளூர் நிலையங்களில் மறு ஒளிபரப்பு சாத்தியமானது, புதிய தலைமுறையும் வந்து சேர்ந்தது. 1970களில் தட்டச்சு செய்து நகலெடுத்த ரசிகர் இதழ்கள் தொடங்கின. 1983 முதல் 'டார்க் ஷேடோஸ்' விழாக்கள் நடந்தன. 2012இல் சவப்பெட்டி வடிவப் பேழையில் 131 டிவிடிகளாக முழுத் தொடரும் விற்பனைக்கு வந்தது. அதை வாங்கியவர்களின் வீட்டு அலமாரியைப் பார்த்து விருந்தினர் என்ன நினைத்தார்களோ!

விழா மேடைகளில் நடிகர்களும் ரசிகர்களும் நேரில் பேசிக்கொண்டது இந்தத் தொடருக்குக் கிடைத்த பேறு. கேத்ரின் லீ ஸ்காட் 1986இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டு, பிறகு தொடரைப் பற்றிப் பல நூல்கள் கொண்டுவந்தார். லாரா பார்க்கர் ஆஞ்செலிக்கின் கதையை நாவலாக எழுதினார். வில்லியாக அடி வாங்கிய கார்லன் 'காக்னி அண்ட் லேசி' தொடருக்காக எம்மி விருது பெற்றார். கடைசி ஆண்டில் சேர்ந்த கேட் ஜாக்சன் 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' மூலம் உலகறிந்த நடிகையானார். ஃப்ரிட் நெடுங்காலம் ஒதுங்கியே இருந்தார். பிறகு தனி ஆளாக மேடையில் கதைகள் வாசித்து, அறக்கொடைக்குப் பணம் திரட்டி, முதுமையில் மீண்டும் விழாக்களுக்கு வந்தார்.

மறுஆக்கங்களைப் பற்றிய பேச்சில் ரசிகர்களிடம் அரிதாக ஒற்றுமை தென்படுகிறது. 1991இல் கர்ட்டிஸே என்பிசி நிறுவனத்துக்காக பென் கிராஸை வைத்து எடுத்த தொடருக்கு நல்ல பெயர் உண்டு. அது தொடங்கிய சில நாட்களில் வளைகுடாப் போர் மூண்டு செய்திகள் அதன் நேரத்தை விழுங்கின. 12 பகுதிகளோடு நின்றது. 2012இல் டிம் பர்டன் இயக்கி ஜானி டெப் நடித்த படம், கதையை நகைச்சுவையாக்கியதால் பழைய ரசிகர்களில் பலரைப் புண்படுத்தியது. அதன் விருந்துக் காட்சி ஒன்றில் ஃப்ரிட், செல்பி, பார்க்கர், ஸ்காட் நால்வரும் விருந்தினராக ஒரு கணம் தோன்றுகிறார்கள். படம் திரைக்கு வரும் முன்பே, அந்த ஏப்ரலில், 87 வயதில் ஃப்ரிட் காலமானார். 2006 முதல் பிக் ஃபினிஷ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வெளியிட்ட ஒலி நாடகங்களுக்கு எதிர்ப்பே எழவில்லை; பழைய நடிகர்கள் பலர் தங்கள் பாத்திரங்களுக்கு மீண்டும் குரல் கொடுத்ததே அதற்குக் காரணம்.

புதிதாகப் பார்க்க வருபவருக்கு ரசிகர்கள் சொல்லும் யோசனையிலும் இரண்டு கட்சி உண்டு. டிவிடி வெளியீடே 210ஆம் பகுதியிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தைய இருநூற்றுச் சொச்சம் பகுதிகள் பிறகே தனித் தொகுப்பாக வந்தன. அங்கிருந்தே தொடங்கலாம், முன்கதை சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்பது பெரும்பான்மைக் கருத்து. ரயிலில் வரும் விக்டோரியாவிலிருந்து பார்க்க வேண்டும் என்பவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த வீட்டின் கதவுகளும் மனிதர்களும் மெல்ல மெல்லப் பழகிய பிறகு 211ஆம் பகுதியில் வாசல் கதவு தட்டப்படும்போது, திறக்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். 210இலிருந்து தொடங்குபவருக்கோ அது ஒரு நடிகரின் அறிமுகக் காட்சி மட்டுமே.